படத்தில் இருந்த ஐந்து பறவைகள்

ஜனவரி 14

கேள்விக்குறிக்கு,

இங்கே நலம். அங்கே உன் நலத்தை உன் கையெழுத்திலேயே தெரிந்துகொண்டேன். தலை தெறிக்க ஓடுகிறது. தீவிலிருந்து நீ எழுதிய முதல் கடிதம் சென்ற வாரம் வந்தது. ஒரே மூச்சில் படித்துவிடவில்லை. நல்ல விஷயத்தை மெல்ல மெல்லத்தான் படிக்க வேண்டும்.

கடற்கரையை வல்லின 'ற' போட்டுக் 'கடற்கறை' ஆக்கியிருக்கிறாய். கறை என்றால் அழுக்கு. அச்சகத்தில் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தியவளின் மகள், கடலின் அழுக்கில் நின்றுகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறாள். மற்ற பிழைகளை நீ திரும்பி வந்ததும் எதிரில் உட்கார வைத்துச் சொல்கிறேன்.

இன்னொன்று. உன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது. பெரியவர்களுக்கு எழுதும்போது எழுத்தும் பெரிதாக இருப்பதுதான் மரியாதை. கறுப்பு மையில் எழுது. நீல மையை நான் என்றைக்கும் மதித்ததில்லை.

ரேடியோவில் வானிலைக் கணக்கைத் தவிர வேறு எதுவும் பேச முடியாது என்று வருத்தப்பட்டிருந்தாய். நல்லதுதான். கடிதம் எழுதவாவது கற்றுக்கொள்வாய்.

என் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பற்கள் என்னுடையவை. கீழ் வீட்டுத் தையல்காரி தன் புருஷனைத் திட்டுவது ஒரு வார்த்தை பிசகாமல் காதில் விழுகிறது. வேறு என்ன வேண்டும்?

ஆறு வயதில் 'கடல் ஏன் நிரம்பி வழியவில்லை' என்று கேட்டுக்கொண்டே என் மெய்ப்புத் தாள்மேல் தண்ணீரைக் கொட்டினாய். அன்றைக்குத்தான் உன் அப்பா உனக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்தார். 'போதும்' என்று சொன்னதற்காக நீ எனக்கு வைத்த பெயரையும் நான் மறக்கவில்லை. இப்போதாவது பதில் கிடைத்ததா, பார்.

இப்படிக்கு,
முற்றுப்புள்ளி


மார்ச் 18

அன்புள்ள முற்றுப்புள்ளி அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால், பற்கள், காது மூன்றையும் விசாரித்ததாகச் சொல்லவும். கறுப்பு மை, பெரிய எழுத்து. திருப்தியா?

தென்துருவத்துக்குப் பக்கத்தில் கிடக்கும் இந்தத் தீவில் மரமே இல்லை. மனிதர்கள் மூன்று பேர்: நான், வானிலைக்காரர், சமையல்காரர். மீதி எல்லாம் அல்பட்ராஸ் பறவைகள். ஒன்று இறக்கையை விரித்தால் நம் வீட்டுக் கூடத்தில் இரண்டு பக்கச் சுவரிலும் இடிக்கும். பறக்கும்போது அந்த இறக்கையை அசைப்பதே இல்லை, அம்மா. காற்றின்மேல் சும்மா சாய்ந்துகொண்டு போகிறது. நான் கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். சமையல்காரர், "மேடம், சூப்பு ஆறிப்போச்சு"ன்னு கத்துவார்.

போன வாரம் என் குடிசைக்கு எதிரிலுள்ள கூட்டில் குஞ்சு பொரித்தது. கூடு என்றால் சேறும் புல்லும் குழைத்துக் கட்டிய முக்காலி. அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் குற்றவாளியைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறது. சமையல்காரர் அதற்கு 'நீதிபதி' என்று பெயர் வைத்துவிட்டார். தாயும் தகப்பனும் மாறி மாறிக் கடலுக்குப் போய் இரை கொண்டுவர வேண்டும். எவ்வளவு தூரம் போகின்றன, எப்படி வழி கண்டுபிடித்து இந்தச் சின்னக் கல்லுக்குத் திரும்பி வருகின்றன, யாருக்கும் முழுதாகத் தெரியாது. அதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன்.

இங்கே ஒரே ஒரு விதி. பார்க்கலாம், தொடக்கூடாது. குஞ்சு பசியில் கிடந்தாலும் ஊட்டக்கூடாது. உதிர்ந்த இறகுகூடத் தீவை விட்டுப் போகக்கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நீதிபதியின் அம்மா இறக்கை விரித்து நிற்கும் படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். கப்பல்காரர்கள் கூப்பிடுகிறார்கள்.

அவசரத்தில்,
உங்கள் கேள்விக்குறி


ஏப்ரல் 6

கேள்விக்குறிக்கு,

வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது, நான் உட்பட. நீதிபதிக்கு என் வணக்கம். குற்றம் பொறுக்காதவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

படம் மிக நன்றாக இருக்கிறது. ஒன்றுதான் இருக்கும் என்று எழுதியிருந்தாய், ஐந்து பறவைகள் வரிசையாக நிற்கின்றன. எவ்வளவு வெண்மை! இறக்கை காற்றில் புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது இங்கேயே காற்றடிப்பது போலிருக்கிறது. கான்வென்ட்டில் எங்களை இப்படித்தான் வெள்ளை உடுப்பில் வரிசையாக நிற்க வைப்பார்கள். கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லியிருக்கிறேன். தையல்காரி ஆணி அடித்தாள். அவள் படத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு ரசனை போதாது.

எழுத்து இப்போது பரவாயில்லை. இன்னும் கொஞ்சம் பெரிதாக எழுதினாலும் காகிதம் கோபித்துக்கொள்ளாது.

நேரத்துக்குச் சாப்பிடு. அந்தச் சமையல்காரரைக் காக்க வைக்காதே.

முற்றுப்புள்ளி


ஏப்ரல் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இந்தத் தடவை உபசாரத்துக்குக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேசையைத் துழாவினேன். நீதிபதியின் அம்மா படம் இங்கேயே இருக்கிறது. அவசரத்தில் வேறு படத்தை உறைக்குள் வைத்துவிட்டேன். கேமரா சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்த படம் அது. சமையல்காரர் துவைத்துக் காயப்போட்ட படுக்கை விரிப்புகள், அம்மா. கொடியில் ஐந்து.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். சமையல்காரரிடம் போய், "உங்க பெட்ஷீட் எங்க வீட்டு ஹால்ல சட்டம் போட்டுத் தொங்குது"ன்னு சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "அம்மாவுக்குக் கண்ணு எப்படி, மேடம்?" என்று கேட்டார்.

எனக்கு அதன்பிறகு சிரிப்பு வரவில்லை. முழங்கால், பற்கள், காது. முதல் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். உங்கள் கண்ணுக்கு என்ன?

உறைக்குள் ஓர் இறகு வைத்திருக்கிறேன். விதி தெரியும். பரவாயில்லை, தொட்டுப் பாருங்கள்.

நீதிபதியின் அப்பா வந்து இரை கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அம்மா இன்னும் வரவில்லை. வர வேண்டிய நாள் தாண்டிவிட்டது.

மே கடைசியில் வரும் கப்பல்தான், இங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்துக்கு முன் கடைசிக் கப்பல். அதன்பிறகு அக்டோபர்தான். அதனால் மழுப்பாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள் மகள்


மே 12

கேள்விக்குறிக்கு,

இங்கே குறையொன்றும் இல்லை.

படம் மங்கலாக இருந்தது. மங்கலாக எடுத்தவள் வெட்கப்பட வேண்டும், பார்த்தவள் அல்ல. மேலும் நான் வேடிக்கைக்காக எழுதினேன். உனக்கு வேடிக்கை புரியாமல் போனது கடல் காற்றினால் இருக்கலாம்.

இறகைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதி என்று கையெழுத்துப் போட்டால் அது விதிதான். எடுத்த இடத்தில் வை.

வைத்துக்கொண்டிருந்த சில நாட்களில் பார்த்ததைச் சொல்கிறேன். தண்டு அடியில் விறைப்பாக இருந்து நுனியில் வளைகிறது. தண்டுக்கு ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். அடியிலிருந்து நுனிக்குத் தடவினால் பட்டு. எதிர்த்துத் தடவினால் இழை இழையாகப் பிரிந்துவிடுகிறது. ஐயோ, கெடுத்துவிட்டோமே என்று மறுபடி நேராகத் தடவினால் பிரிந்ததெல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழையபடி ஆகிவிடுகிறது. இதை அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? கன்னத்தில் வைத்தால் எடையே தெரியவில்லை.

இதையெல்லாம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்தத் தாய்ப் பறவை வந்ததா?

அம்மா


மே 13

அன்பு தங்கச்சிக்கு,

கீழ் வீட்டு அக்கா எழுதுறேன். நல்லா இருக்கியா? மாடியம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. இருந்தாலும் எழுதாம இருக்க முடியலை.

நேத்து உனக்குப் போட வேண்டிய கவரை என்கிட்ட குடுத்தாங்க. ஸ்டாம்பு தலைகீழா ஒட்டியிருந்துச்சு. நம்ம மாடியம்மா! பட்டன் ஒண்ணு கோணலா தைச்சாலே ரவிக்கையைத் திருப்பி அனுப்புறவங்க.

ரெண்டு கண்ணுலயும் நடுப்பார்வை போய்க்கிட்டே இருக்காம். ஓரத்துல மட்டும்தான் தெரியுமாம். ஆபரேஷனுக்கு வழி இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இது நீ கிளம்புறதுக்கு முந்தின வாரமே அவங்களுக்குத் தெரியும். நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வரும்போது ஆட்டோவுல, "வாயைத் திறந்தா உன்கிட்ட இனிமே துணி தைக்கக் குடுக்க மாட்டேன்"ன்னாங்க.

வருஷ முடிவுக்குள்ள யார் முகமும் அடையாளம் தெரியாமப் போயிடும்னு டாக்டர் சொன்னாரு. அதான் உன்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. கடிதத்தைப் படிச்சுக் காட்டவான்னு கேட்டா, வேணாங்கறாங்க. பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா, நாள் கணக்கா உட்கார்ந்திருக்காங்க. அந்த பெட்ஷீட் படத்துக்கு நான்தான் ஆணி அடிச்சேன். அன்னிக்கு எனக்கு அழுகை வந்துடுச்சு.

உடம்பைப் பார்த்துக்க.

உன் அக்கா


ஜூன் 2

அம்மா,

இந்தக் கடிதம் அக்டோபர் வரை என் மேசையிலேயே இருக்கும். தெரிந்தும் எழுதுகிறேன்.

கப்பல் வந்த அன்று உங்கள் கடிதத்தைத்தான் முதலில் பிரித்தேன். படகில் இருந்து கேஸ் சிலிண்டர்களை இறக்க ஆள் போதாததால், தையல்கார அக்காவின் கடிதத்தைப் பிரிக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். வேலை முடிந்து கை கழுவிவிட்டு அதைப் படித்தபோது கப்பல் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. கரையில் நின்று கத்தினேன். பறவைகள்தான் திரும்பிப் பார்த்தன.

வானிலைக்காரர் எனக்காக விதியை மீறி, கப்பலைத் திருப்ப முடியுமா என்று ரேடியோவில் துறைமுக அலுவலகத்தைக் கேட்டார்.

"உயிருக்கு ஆபத்தா?" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"இல்லை. கண்."

"அப்ப அக்டோபர்தான்."

அந்த அதிகாரிமேல் தப்பில்லை. குளிர்காலக் கடல் கொந்தளிக்கத் தொடங்கிவிட்டது.

இறகை எடுத்த இடத்தில் வைத்தேன். கையை எடுப்பதற்குள் காற்று கொண்டுபோய்விட்டது. தாய்ப் பறவை வரவில்லை. இனி வராது என்றே நினைக்கிறேன். நீதிபதி தினமும் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. அப்பா பறவை ஒன்றால் முடிந்த மட்டும் கொண்டுவருகிறது. முடிந்தது போதவில்லை. சமையல்காரர் என் வாசற்படியில் மீன் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி போய்விடுகிறார். நான் அதை எடுத்துக்கொண்டு கூட்டருகே போகிறேன், நிற்கிறேன், திரும்பக் கொண்டுவந்து சமையலறையில் வைக்கிறேன். எவ்வளவு பக்கத்தில் போய் நின்றாலும் பார்க்க மட்டும்தான் முடிகிறது, அம்மா. அங்கே உங்களிடம் வந்து நிற்கவும் முடியவில்லை.

உங்களுக்கு எப்படியும் பூதக்கண்ணாடி வேண்டும் என்று தெரிந்தே பெரிதாக எழுதுகிறேன். இந்த வரியைப் படிக்கும்போது எந்த மாதமோ.

உங்கள் மகள்


ஆகஸ்ட் 20

கேள்விக்குறிக்கு,

நலமா? உன் பதில் வராது என்று தெரியும். இந்தக் கடிதம் துறைமுக அலுவலகத்தில் கிடக்கும் என்றும் தெரியும். அட்டையில் நீளமாக ஒரு துவாரம் வெட்டி, அதற்குள்ளே எழுதுகிறேன். வரிமேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். பொறுத்துக்கொள் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

தையல்காரி உனக்கு எழுதிவிட்டாள். அவளாகச் சொல்லவில்லை. ஆனால் மே மாதம் ஒரு வாரம் முழுக்க எனக்கு இரண்டாவது காப்பி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் முன்பே சொல்லியிருந்தால் நீ பெட்டியைக் கீழே வைத்திருப்பாய். ஆறு வயதிலிருந்து கட்டிக்கொண்டிருந்த பெட்டி. அதைக் கீழே வைத்துவிட்ட முகத்தைத் தினம் தினம் பார்ப்பதைவிட, எந்த முகமும் தெரியாமல் இருப்பது மேல் என்று தோன்றியது.

இது மரியாதை தெரியாத வியாதி. ஒருவரை நேராகப் பார்த்தால் அவர் மறைந்துவிடுகிறார். அந்த இடத்தில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திய மாதிரி சாம்பல் நிறக் கறை. (வல்லின 'ற'. இங்கே சரி.) அலட்சியமாக வேறு பக்கம் திரும்பினால் ஓரத்தில் வந்து நிற்கிறார். வாழ்நாளெல்லாம் பேசுகிறவர் கண்ணைப் பார்த்துப் பேசியவள் நான். இப்போது காய்கறிக்காரரிடம் பேச அவர் தராசைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உனக்கு ஒரு செய்தி. நீ மட்டும் ஆய்வு செய்யவில்லை, நானும் செய்கிறேன். மாலையில் வெறும் சுவரில் நெசவு மாதிரி கோலங்கள் வருகின்றன. சில நாள் நாற்காலியில் தொப்பி வைத்த சின்னஞ்சிறு மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பயந்துதான் போனேன். புத்தி கெடவில்லை என்றார் டாக்டர். கண் செய்தி அனுப்பாததால் மூளை தானாகவே படம் வரைந்துகொள்கிறதாம். இத்தனை வருஷம் எனக்குள் இப்படி ஓர் ஓவியன் சம்பளமில்லாமல் இருந்திருக்கிறான். தொப்பிக்காரர்கள் ஏன் பேசுவதில்லை? ஏன் எப்போதும் ஊதாத் தொப்பி? அவர்களை நேராகப் பார்க்க முடிகிறது, உன் போட்டோவைப் பார்க்க முடியவில்லை. இது என்ன நியாயம்?

கவனித்தாயா, நான் கேள்வி கேட்கிறேன்.

அந்தக் குஞ்சு இருக்கிறதா? அது முதன்முதல் பறக்கும்போது ஓடிப் பறக்குமா, நின்ற இடத்திலிருந்தா? அதற்கு யார் சொல்வார்கள், இன்றைக்குப் புறப்படு என்று? அது பறக்கும்வரை நீ அங்கேயே இரு. இது உத்தரவு. பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

அம்மா


அக்டோபர் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

துறைமுகத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு ரயில் நாளை மறுநாள்தான். இந்தக் கடிதம் முந்திக்கொண்டு வரும். ஜூனில் எழுதியதையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதமும் குளிர்காலம் முடிந்த பிறகு வரும் முதல் கப்பலும் ஒன்றாக வந்தன. கப்பல் சாமான் இறக்கி முடிப்பதற்குள் நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். உங்கள் உத்தரவை மீறுகிறேன். கோபத்தை எதிரில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

நீதிபதி உயிரோடு இருக்கிறது. மெலிந்துவிட்டது. பஞ்சு உதிர்ந்து, பாதி உடம்புக்குப் பறக்கிற இறகு வந்துவிட்டது. பறக்க இன்னும் ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஓடித்தான் பறக்கும், அம்மா, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக. ஒருமுறை பறந்துவிட்டால் பல வருஷம் தரையிலேயே கால் வைக்காது. உயிரோடிருந்தால் அப்புறம் இதே தீவுக்கு வரும். காலில் எண் பொறித்த வளையம் இருக்கிறது (தொட அனுமதி கிடைத்த ஒரே வேலை அதுதான்), அடையாளம் தெரியும். யார் புறப்படச் சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சமையல்காரர் தினமும் பார்த்து எனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வாசல் கதவைத் திறந்து வையுங்கள்.

உங்கள் மகள்


டிசம்பர் 19

மரியாதைக்குரிய மேடத்துக்கு,

சமையல்காரன் எழுதுறது. நீங்களும் உங்க அம்மாவும் சௌக்கியமா இருக்கணும். எங்களுக்கு இங்க ஒரு குறையும் இல்லை. உருளைக்கிழங்கு மட்டும் முளை விட்டுடுச்சு.

சொன்ன மாதிரி டெய்லி போய்ப் பாத்தேன் மேடம். அது கூட்டுல நின்னுக்கிட்டு இறக்கையை விரிச்சு விரிச்சு மடக்கும். காத்து வந்தா ரெண்டு எட்டு ஓடும். அப்புறம் வெக்கப்பட்ட மாதிரி திரும்பி வந்து உக்காந்துக்கும். அதோட அப்பா வந்து ரொம்ப நாளாச்சு.

போன வாரம் பனிமூட்டம் மேடம். கையை நீட்டினா கை தெரியலை. மூணு நாள் குடிசையை விட்டு யாரும் வெளியே போகலை. மூட்டம் விலகினதும் போய்ப் பாத்தேன். கூடு காலி. பறந்துச்சா, காத்து அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சா, தெரியலை. கீழ பாறையெல்லாம் தேடினேன். ஒண்ணும் கிடைக்கலை. யாரும் பாக்கலை மேடம். மன்னிச்சுக்கங்க.

அம்மாவுக்கு என் வணக்கம்.

சமையல்காரன்


பிப்ரவரி 8

அன்புள்ள சமையல்கார அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் நலமா? மன்னிப்பெல்லாம் கேட்காதீர்கள். மூட்டத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை.

அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்க நினைத்திருப்பீர்கள், கூச்சத்தில் எழுதவில்லை. நான் வந்த அன்று வாசல் கதவு திறந்தே இருந்தது. அம்மா இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, கதவு நிலையைப் பார்த்தார். "கொஞ்சம் இடது பக்கம் நகரு" என்றார். நகர்ந்தேன். "வெளிச்சத்துக்கு வா" என்றார். வந்தேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். கடைசியில், "சரி, உள்ளே வா, செருப்பை வெளியே விடு" என்றார். செப்டம்பர் வரை முகம் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்ததாம். தையல்கார அக்கா படிக்கட்டில் வைத்துச் சொன்னார்.

இப்போது தினமும் காலையில் என் முகத்தை விரலால் தடவிப் பார்க்கிறார், மெய்ப்புத் திருத்துகிற மாதிரி. நெற்றியிலிருந்து தொடங்கி ஒரு வரியும் விடாமல். "மெலிஞ்சிருக்கே" என்பார். அவ்வளவுதான்.

உங்கள் பெட்ஷீட் படம் இன்னும் கூடத்தில் இருக்கிறது. கழற்றவா என்று கேட்டேன். "பறவை இல்லைன்னு எனக்கும் தெரியும், சட்டம் நல்ல சட்டம்" என்றார்.

உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். பனிமூட்டம் வந்த இடத்தில் கடிதத்தில் இல்லாததைப் படிக்க ஆரம்பித்தேன். நீங்கள் பார்த்ததாகவே படித்தேன். அது காற்றை எதிர்த்து ஓடியது; விளிம்பில் கால் தரையை விட்டது; இறக்கையை ஒருமுறையும் அசைக்காமல் கடலின்மேல் சாய்ந்து போனது என்று.

அம்மா கையைத் தூக்கினார். "நிறுத்து. அவர் எழுதினதைப் படி."

"அவர் எழுதினதுதாம்மா."

"அந்த மனுஷன் பட்டு பட்டுன்னு வெட்டி எழுதுறவர். நீ ரெண்டு இடத்துல இழுத்து நின்னே. அது அரைப்புள்ளி. உருளைக்கிழங்கு முளை விட்டுடுச்சுன்னு எழுதுறவர் அரைப்புள்ளி போட மாட்டார். அது உன்னுது."

பிறகு உள்ளபடியே படித்தேன். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர்கள் வந்திருந்தார்களோ என்னவோ.

"யாரும் பாக்கலை" என்றார்.

"இல்லைம்மா."

"நீ இருந்திருந்தாலும் மூட்டத்துல பாத்திருக்க முடியாது."

"தெரியலை. வாசல்லயே உக்காந்திருப்பேன்."

"உக்காந்திருப்பே" என்று ஒப்புக்கொண்டார். "உன் ஆய்வுக் குறிப்புல என்ன எழுதியிருக்கே?"

"கூடு காலின்னு."

"கடைசியில?"

"முற்றுப்புள்ளி."

"அதை வைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? அது என் பேர். அடிச்சுட்டுக் கேள்விக்குறி போடு. வளையத்தோட ஒண்ணு வந்து இறங்கினா அன்னிக்குத் திருத்திக்கலாம்."

போட்டேன். "பெரிசா போட்டியா?" என்று கேட்டார். பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறேன், கறுப்பு மையில், என்றேன். "காட்டு" என்றார்.

மை காய்வதற்குள் விரலை வைத்து மேலிருந்து கீழ்வரை மெல்லத் தடவினார். வளைவு, தண்டு, புள்ளி. "சரியா இருக்கு" என்றார்.

அவர் விரல் போன வழியெல்லாம் மை இழுபட்டு, குறி கலைந்துபோயிருந்தது. நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மேடம்